கஸ்பார் மச்சானின் பாட்டுப்பெட்டிக்குக் கண் தராத கம்பெனி

தண்ணீருக்குள் நான் கிடந்த நேரமெல்லாம் என் உயிரை மேலே தன் கையில் வைத்திருந்த கஸ்பார் மச்சானுக்கு,

உமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. உம்ம மகன் டென்சிலின் கணினியில் வந்தது. "அன்புள்ள திரு. கஸ்பார்" என்று தொடங்குகிறதாம். அனுப்பியது உம்ம கம்பெனி. கப்பல் வேலையை முடித்து வந்த காசைக் கொட்டி ஒரு சிடி பிளேயர் வாங்கினீரே, அந்தக் கம்பெனிதான். நீர் கல்லறைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல.

டென்சில் எனக்குத் தமிழில் சொன்னான். "இந்தக் காலத்தில் பாட்டெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. நாங்கள் இனிமேலும் சிடி பிளேயர் செய்யத்தான் வேண்டுமா? உங்களைப் போன்ற ரசிகர்களின் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று கேட்டிருக்கிறார்கள். கீழே மூன்று கட்டம். ஆம். இல்லை. கருத்து இல்லை. ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதுமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கணினியைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன், மச்சான். அது டென்சில் வேலை பார்க்கும் துறைமுக அலுவலகத்துச் சொத்து என்பதால் பிழைத்தது.

எனக்கு எழுத்து தெரியாது. இன்றைக்கும் பெருவிரல்தான் என் கையெழுத்து. ஆனால் நடந்தது எதுவும் எனக்கு மறக்காது, அது உமக்குத் தெரியும். பங்குக் கோயிலின் மாத இதழில் உம்ம நினைவு நாளுக்கு ஒரு படமும் இரண்டு வரியும் போட இடம் தந்தார்கள். இரண்டு வரி எனக்குப் பற்றாது என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லச் சொல்ல டென்சில் எழுதுகிறான். அவனையும் இதில் வையப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். கேள்வி உமக்கு வந்தது. பதில் சொல்ல நீர் இல்லை. அதனால் நான் உம்மிடம்தான் பேசுகிறேன்.

அந்தப் பெட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சென்னையிலிருந்து லாரியில், மரச்சட்டம் அடித்து வந்தது. நாலு பேர் சேர்ந்து இறக்கினோம். ஆணி பிடுங்கி, அட்டை கிழித்து, பஞ்சை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு முழம் அகலத்தில் ஒரு பெட்டி. முன்பக்கம் முழுக்க வெள்ளியைப் போல் மின்னும் கனமான தகடு.

"என்ன வே இது, நங்கூரமா?" என்றேன்.

"ஏலே லாசரு, தொட்டுராத. விரல் பதியும்" என்றீர்.

"இந்த விலைக்கு ஒரு வள்ளமும் எஞ்சினும் வாங்கலாமே மச்சான்."

"வள்ளம் பாடுமாலே?"

பிறகு ஒரு வயலின் சிடியைப் போட்டீர். கண்ணை மூடிக்கொண்டு, "கேளு, வயலின் இந்தப் பக்கம் நிக்கி, மேளம் அந்தப் பக்கம் நிக்கி, ரெண்டும் எப்படிப் பிரிஞ்சு கேக்கு பாரு" என்றீர். என் இடது காது, சங்கெடுக்கக் கடலுக்குள் குளிக்கும்போது பத்துப் பாகம், அறுபது அடி ஆழத்தில் கிழிந்துபோன காது. உமக்குத் தெரியாததா? "எனக்கு மேளம் மட்டும்தான் கேக்கு. கம்பெனிக்காரன் பாதி விலைக்குத் தருவானா?" என்றேன். நீர் சிரிக்கவில்லை. பெட்டி விஷயத்தில் மட்டும் உமக்குச் சிரிப்பு வராது.

அன்றைக்கு நான் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "இது கெட்டுப்போனா எவன்ட்ட வே தூக்கிட்டுப் போவீரு?" நீர் அடித்துச் சொன்னீர்: "சாதாப் பெட்டிக்காரன்தான் வித்துட்டு ஓடுவான். இவன் பெரிய கம்பெனிக்காரன்லே. பேரைக் காப்பாத்தணும்னாவது நிப்பான். கைவிட மாட்டான்."

கைவிட மாட்டான். அந்த வார்த்தையைத்தான் எட்டு மாதமாக மென்று மென்று துப்புகிறேன், மச்சான்.

புஷ்பத்துக்காகச் சொல்கிறேன். உமக்கு மனைவி, எனக்குத் தங்கச்சி. கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை மங்கி, நீர் சாவதற்கு முந்தின வருஷம் முழுசாகவே போய்விட்டது. நீர் ஒரு நல்ல காரியம் செய்தீர், அதை மறைக்கமாட்டேன். அவள் கையைப் பிடித்து அந்தப் பெட்டியைப் பழக்கினீர். இங்கே அமுக்கினால் தட்டு வெளியே வரும், அதில் சிடியை வை, மறுபடி அமுக்கு, உள்ளே போகும். நான் வலை நூலை எடுத்து ஒவ்வொரு சிடி உறையிலும் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ஒரு முடிச்சு என்றால் கோயில் பாட்டு. இரண்டு முடிச்சு பழைய சினிமாப் பாட்டு. மூன்று முடிச்சு உம்ம வயலின். வாசிக்கத் தெரியாத நான் போட்ட அடையாளம், பார்க்க முடியாத அவளுக்குச் சரியாக இருந்தது.

நீர் போன பிறகு அவள் அதை ஒரு நாளும் விட்டதில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாள். முடிச்சைத் தடவி எடுப்பாள். எதைக் கேட்கிறாள், எதற்கு அழுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். டென்சில், பேனாவை நிறுத்தாதே, எழுது.

போன திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், பாட்டு நடுவில் தட்டித் தட்டி நின்றது. புஷ்பம் கூப்பிட்டாள். நான் பெட்டியின் மேல் மூடியைத் திருகு கழற்றித் திறந்தேன். உள்ளே ஒரு பயறு அளவுக்குக் கண்ணாடிப் பொட்டு. மங்கிப்போயிருந்தது. மச்சான், சங்கு குளிக்கப் போகும்போது முகத்தில் மாட்டுகிற கண்ணாடி மங்கினால் நாம் என்ன செய்வோம்? எச்சில் தொட்டுத் தேய்ப்போம். எத்தனை வருஷம் அப்படித் தேய்த்துத்தானே கடலுக்கடியில் சங்கு பார்த்தேன்? அதையேதான் செய்தேன். நன்றாகக் காறி, ஒரு துளி துப்பி, பெருவிரலால் ஒரு தேய்ப்பு. 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தக் கண்ணாடிப் பொட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

மூடியை மூடினேன். "என்ன ஆச்சு அண்ணே?" என்றாள்.

"உப்புக் காத்து அரிச்சுட்டுளா, புஷ்பம்."

பழைய பஸ் நிலையத்துப் பக்கம் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சியிடம் நானும் டென்சிலும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். அவர் திறந்து, விளக்கைப் பிடித்துப் பார்த்து, "யார் வே இதுக்குள்ள கை வச்சது?" என்றார்.

"உப்புக் காத்து அண்ணாச்சி."

"உப்புக் காத்துக்குப் பெருவிரல் உண்டோ?"

நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவர் நல்ல மனிதர், டென்சில் முன்னால் மேற்கொண்டு பேசவில்லை. "லென்ஸ் போச்சு. லென்ஸ் கிடைச்சா அரைமணி நேர வேலை. சாதாப் பெட்டியா இருந்தா நானே ஒரு பழைய பெட்டியில இருந்து கழத்திப் போட்டுருவேன். இந்தக் கம்பெனிக்காரன் ஊர்ல யார்ட்டயும் இல்லாத மாதிரி, தனக்குன்னு ஒரு லென்ஸ் செஞ்சு வச்சிருக்கான். அவன் தந்தாத்தான் உண்டு" என்றார்.

கேட்டீரா? விலை ஏற ஏற, நாம் போய் நிற்கிற வாசல் ஒன்றாகக் குறைந்துகொண்டே போகிறது. அதற்குப் பெயர் உயர்ந்த சாமானாம்.

டென்சில் அந்த வாசலுக்கும் போன் போட்டான். ஒரு பெண் பிள்ளை பேசியது. நானும் கேட்கும்படி சத்தமாக வைத்தான்.

"சார், அந்த மாடலை நிறுத்திட்டோம். பார்ட்ஸ் இப்ப வர்றதில்லை. ஆனா புது மாடல் வந்திருக்கு. கொஞ்சம் பேருக்கு மட்டும்தான் செய்றாங்க. நீங்க பழைய கஸ்டமர்ங்கறதால உங்களுக்கு முன்னுரிமை உண்டு சார்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏ பிள்ள, பழைய பெட்டிக்கு லென்ஸ் கேட்டா புதுப் பெட்டி தாரேன்னு சொல்லுத. கண்ணு தெரியலன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, புதுசா ஒரு ஆளைப் பெத்துக்கோன்னா சொல்லுவாவ?"

"உங்க உணர்வு புரியுது சார்."

"என் உணர்வு உனக்கு எதுக்கு? லென்ஸைத் தா."

போன் வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறது. எழுதிக் கொடுத்தவன்தான் என் கண்ணில் படாமல் எங்கோ உட்கார்ந்திருக்கிறான்.

டென்சில் ஒரு வழி கண்டுபிடித்தான். சொன்னால் பாடும் பெட்டி. தேங்காய் அளவு உருண்டை. "அம்மா, இதுகிட்ட வாயால சொன்னாப் போதும், உலகத்துல உள்ள எல்லாப் பாட்டும் வரும்" என்று கொண்டுவந்து வைத்தான். புஷ்பம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பெரிய மனிதரிடம் பேசுவது போல், "ஐயா, நம்ம கோயில் பாட்டு ஒண்ணு பாடுங்க" என்றாள். அது இந்தியில் ஒரு பாட்டுப் பாடியது. "அது இல்லங்க ஐயா" என்றாள். அது மெத்தை விளம்பரம் சொன்னது. "இவிய என்னை மெத்தை வாங்கச் சொல்லுதாவ டென்சிலு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"குளிக்க ஆளைக் கூப்பிடுதேன். சோறு போட ஆளைக் கூப்பிடுதேன். கோயிலுக்குப் போக ஆளைக் கூப்பிடுதேன். அந்தப் பெட்டி ஒண்ணுதான் யாரையும் கூப்பிடாம நானாச் செஞ்சது. இனி ஒரு பாட்டுக்கும் ஒருத்தர்ட்ட மனு போடணும்னா, நான் மூலையில வச்ச மூட்டையா?"

இதைத்தான் அந்தக் கம்பெனி உம்மிடம் கேட்கிறது, மச்சான், அவர்களுக்கே தெரியாமல். செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று. போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறது என்கிறார்கள். போனில் வாசிக்கத் தெரிந்தவனுக்கு இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவனுக்கு இருக்கிறது. நானும் அவளும் அந்தப் போனுக்கு வெளியே நிற்கிறோம். சிடி என்றால் அது ஒரு சாமான். கையில் பிடிக்கலாம். முடிச்சுப் போடலாம். போனுக்குள் இருக்கிற பாட்டில் நான் எங்கே முடிச்சுப் போடுவேன்?

அப்படியானால் செய்யட்டும் என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர். பொறும். அவ்வளவு லேசாக நான் சொல்லமாட்டேன்.

சங்கு குளிக்க இறங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே வள்ளத்தில் பிடிக்க மச்சானைத்தான் வைப்பது நம் வழக்கம். தங்கச்சி தாலியை நினைத்தாவது பிடி தளரமாட்டான் என்று. உம்ம தங்கச்சியை நான் கட்டினேன், என் தங்கச்சியை நீர் கட்டினீர், என் கயிறு உம்ம கையில். ஒரு நாள் வள்ளத்துக்காரனுக்கும் உமக்கும் பேச்சு முற்றியது. நான் அப்போது அடியில் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் உம்மைக் கன்னத்தில் அறைந்தான். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. நீர் தடுக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் கயிறு போகும். நான் மேலே வந்து பார்க்கும்போது உம்ம உதட்டில் ரத்தம், கையில் கயிறு. வள்ளத்தில் இருந்த மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படிப் பிடித்த நீர், கம்பெனிக்கும் அதே போல் ஒரு கை இருக்கும் என்று எப்படி நம்பினீர்? தண்ணீரில் இறக்கிவிட்டுக் கயிற்றை விட்டவன், இப்போது மேலே நின்றுகொண்டு, "இனிமேல் கயிறு திரிக்க வேண்டுமா, உங்கள் கருத்து என்ன?" என்று கேட்கிறான். உள்ளே ஆள் இருக்கிறது ஐயா. முதலில் அவளை இழுத்து மேலே போடு. கருத்து பிறகு சொல்கிறோம்.

அடுத்து வந்தவர் கதையைக் கேளும்.

லென்ஸ் கிடைக்குமா என்று கேட்டு டென்சில் பெட்டியின் படத்தை எங்கோ போட்டிருந்தான். அதைப் பார்த்து ஒருவர் காரில் வந்தார். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். சட்டையில் மடிப்பு கலையாத மனிதர். வந்ததும் பெட்டி முன் குனிந்து, அந்த வெள்ளித் தகட்டை விரல் படாமல் பார்த்தார். "ஒரு கீறல் இல்லையே!" என்றார். பிறகு, "ஓடலன்னாலும் பரவாயில்லை, எனக்குக் கொடுத்திருங்க" என்றார்.

"ஓடாத பெட்டியை வச்சு என்ன செய்யப் போறீரு?" என்றேன்.

"அண்ணாச்சி, உங்களுக்கு இதோட அருமை தெரியல. இந்த மாதிரிக் கம்பெனிங்க சிடி பிளேயர் செய்றத விடவே கூடாது. இவங்களும் விட்டாங்கன்னா, சிடின்னு ஒண்ணு இருந்ததே உலகத்துக்கு மறந்துரும்."

"உம்ம வீட்ல சிடி இருக்கா?"

"ஒரு ரூம் நிறைய."

"தினம் கேப்பீரோ?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நேரம் எங்க இருக்கு? கார்ல போகும்போது போன்ல போட்டுக்கிடுவேன்."

உலகத்துக்கு மறந்துவிடக் கூடாதாம். அவருக்கு மட்டும் மறக்கலாம்.

பேசப் பேச விஷயம் வெளியே வந்தது. இதே பெட்டி அவரிடமும் ஒன்று இருக்கிறது. வீடு மாற்றும்போது முன்தகடு அடிபட்டு ஒரு சொட்டை விழுந்துவிட்டது. நல்ல தகடு தேடித்தான் வந்திருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்திருந்த புஷ்பம் கேட்டாள்: "உங்க பெட்டி ஓடுதாங்க?"

"ஓடும்னுதான் நினைக்கேன்மா. போட்டுப் பார்த்ததில்ல."

நான் எழுந்துவிட்டேன், மச்சான். இந்த வயசில் எனக்கு அவ்வளவு சத்தம் இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. "நல்ல கண்ணை அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கீரே, இங்கன ஒருத்தி எட்டு மாசமா சும்மா உக்காந்திருக்கா! உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் அந்தக் கம்பெனிக்காரன் தகடு அடிச்சு விக்கான். கேக்கறவன் செத்தா அவனுக்கென்ன, பாக்கறவன் வாங்குதானே! அந்தத் திருட்டுப் பய கம்பெனி..."

"அண்ணே, உக்காரு."

புஷ்பம் சத்தம் போடவில்லை. அதனால்தான் உட்கார்ந்தேன்.

"கம்பெனிக்காரனையும் வையுத. வீடு தேடி வந்தவியளையும் வையுத. பெட்டிக்குள்ள துப்புனது யாரு?"

நான் மறுபடியும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"எனக்குக் கண்ணுதானே இல்ல. நீ காறுனது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். உப்புக் காத்தாம்."

"துப்பினாரா? இதுக்குள்ளயா?" வந்தவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். டென்சில் சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். இப்போது எழுதும்போதும் சிரிக்கிறான்.

எட்டு மாதம் அவளுக்குத் தெரியும், மச்சான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கம்பெனியை வைவதை எல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றினாளா, எனக்குத் தண்டனை கொடுத்தாளா? உமக்குத்தான் அவளைத் தெரியும். நீர் சொல்லும்.

அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பெட்டியிடம் போனாள். முன்தகட்டை உள்ளங்கையால் தடவினாள். "இதுதானே உங்களுக்கு வேணும்? கழத்திக்கிடுங்க. அதுக்குப் பதிலா, உங்க பெட்டிக்குள்ள இருக்க லென்ஸைத் தாங்க."

"அம்மா, அப்புறம் என் பெட்டி ஓடாதே."

"இப்ப மட்டும் ஓடுதா?"

டென்சில்தான் குறுக்கே விழுந்தான். "அம்மா, அது அப்பா வாரா வாரம் துடைச்ச தகடும்மா."

"துடைச்சது அப்பா. எனக்கு அதுல முகமாலே தெரியுது?"

அவர் காபியைக் குடித்தார். வெளியே போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து, சரி என்றார். மறு ஞாயிற்றுக்கிழமை தன் பெட்டியைக் குழந்தையைப் போல் துணியில் சுற்றி எடுத்துவந்தார். அண்ணாச்சி கடையில் வைத்து அதிலிருந்து லென்ஸ் இதற்கு வந்தது, இதிலிருந்து தகடு அதற்குப் போனது. அவர் பெட்டி இப்போது சொட்டை இல்லாத முகத்தோடு, பார்வை இல்லாமல், அலமாரியில் நிற்கும். அவர் நல்ல மனிதர் என்று எழுதலாம் மாமா என்கிறான் டென்சில். எழுதாதே என்கிறேன். நல்ல மனிதராக இருந்தால் தகடு கேட்காமல் கொடுத்திருப்பார்.

முகம் போன பெட்டியைப் பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே கம்பியும் பலகையுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கடை மூலையில் கிடந்த உடைந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை அறுத்து, பொத்தானுக்குத் துளை போட்டு, நாலு திருகு வைத்து முறுக்கினார். நீர் வாங்கிய உயர்ந்த கம்பெனிப் பெட்டி இப்போது கல்யாண வீட்டு நாற்காலி முகத்தோடு இருக்கிறது. கோபப்படுவீரானால் படும். பாடுகிறது.

அது பாடத் தொடங்கிய மறு வாரம்தான் உமக்கு அந்தக் கடிதம் வந்தது. ஆம், இல்லை, கருத்து இல்லை.

டென்சில் சொன்னான்: "ஆம்னு தொடுங்க மாமா. புதுசு செய்றதை நிறுத்திட்டா லென்ஸ் செய்றதையும் நிறுத்திருவான். புதுசு வித்தாத்தான் பழசுக்குப் பார்ட்ஸ் வரும்."

"எட்டு மாசமும் புதுசு வித்துக்கிட்டுத்தானே இருந்தான்? வந்துதா?"

நீராக இருந்தால் 'ஆம்' தொட்டிருப்பீர். கம்பெனி மேல் உமக்கு இருந்த விசுவாசம் கோயில் மேல்கூட இருந்ததில்லை. நான் என் பெருவிரலால் 'இல்லை' தொட்டேன். கீழே எழுத இடம் இல்லையாம். அதனால் இங்கே எழுதச் சொல்கிறேன்.

கம்பெனிக்காரர்களே, நீங்கள் புதுப் பெட்டி செய்ய வேண்டாம். தகடு அடிக்க வேண்டாம். கொஞ்சம் பேருக்கு மட்டும் என்று சொல்லி ஆசை காட்ட வேண்டாம். விற்ற பெட்டிக்கு லென்ஸ் செய்யுங்கள். அதை எங்கள் அண்ணாச்சி கடைக்கு அனுப்புங்கள். உங்களிடம் வாங்கியவன் வீட்டில் கடைசி ஆள் கேட்டு முடித்த பிறகு கடையைப் பூட்டுங்கள். அதைச் செய்ய முடியாதவன் எந்தப் பெட்டியையும் செய்யத் தகுதியில்லாதவன். துப்பினது நான்தான். அதற்காக என்னை வையலாம். ஆனால் உலகத்தில் ஒருத்தனும் தப்பே செய்யமாட்டான் என்று நினைத்துச் சாமான் செய்கிறவன் என்னைவிடப் பெரிய முட்டாள்.

சாதாப் பெட்டிக்காரனும் இப்போது செய்வதை விட்டுக்கொண்டே வருகிறான் என்று அண்ணாச்சி சொல்கிறார். அவனும் விட்டால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவோம்? உமக்கு அங்கே ஏதாவது தெரிகிறதா?

இவ்வளவையும் டென்சிலும் நானும் புஷ்பத்தின் அறையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தோம். 'திருட்டுப் பய' என்று பங்கு இதழில் போட முடியாது என்று அவன் சொல்ல, போடு என்று நான் சொல்ல, சத்தம் கூடிவிட்டது. மத்தியானச் சோறு முடிந்த நேரம். புஷ்பம் கட்டிலைவிட்டு எழுந்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

"இன்னும் கொஞ்சம்தான்ளா, மச்சானுக்கு எழுதுதோம்."

"வெளிய போய் எழுது. நான் பாட்டுக் கேக்கணும்."

"என்ன பாட்டு?"

"உனக்கு எதுக்கு?"

கதவைச் சாத்திவிட்டாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் தெருவில், உம்ம வீட்டு வாசலுக்கு வெளியே, வெயிலில் நிற்கிறோம். டென்சில் ஸ்கூட்டர் இருக்கையில் தாளை வைத்து எழுதுகிறான். உள்ளே தட்டு போகிற சத்தம் கேட்கிறது. பிறகு பாட்டு. என் காதுக்குக் கதவைத் தாண்டி எதுவும் தெளிவாக வராது. என்ன பாட்டு என்று டென்சில் சொல்ல வந்தான். சொல்லாதே என்றேன்.

மச்சான், இந்த லென்ஸும் ஒரு நாள் மங்கும். நாகர்கோவிலிலும் மதுரையிலும் இதே பெட்டி யார் வீட்டு அலமாரியிலாவது நிற்கிறதா என்று டென்சிலை இப்போதே தேட வைத்திருக்கிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை உம்ம புஷ்பம் ஒரு பாட்டுக்காக யாரையும் கூப்பிடமாட்டாள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது உமக்கு நான் கொடுக்கிற வாக்கு.

வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட,
புஷ்பத்தின் அண்ணன்,
உம்ம தங்கச்சியைக் கட்டிய உம்ம மச்சினன்,
லாசர்.